மூன்றாம் ஓலை வாசிப்பதற்கு முன்

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மச்சான் கிளாட்சனுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் மதலைமுத்து ஆண்டவர் நாமத்தில் வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காள் அருள்மேரியும், எங்கள் பொறுப்பில் நீங்கள் விட்டுப்போன மகள் பிரின்ஸியும் உடம்பளவில் சுகம். அங்கே மஸ்கட்டில் உங்கள் இரத்தக் கொதிப்பு அடங்கியிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மேற்கொண்டு படிக்குமுன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவும்.

போனில் சொன்னால் என்ன என்பீர்கள். இந்த வீட்டில் போன் உங்கள் அக்காள் கையில் இருக்கிறது, பேசுவதென்றால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். துரைராசு மகன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். பிரின்ஸிக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. மாப்பிள்ளை ரெஜின் தங்கமான பையன், அவளே அதை ஒத்துக்கொள்கிறாள். கும்பகோணத்தில் கல்யாணப் பட்டு எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “மாமா, அப்பா போன்ல அழுதாங்கன்னுதான் சரின்னேன். எனக்கு மனசே இல்ல. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள். பஸ் இரைச்சலில் பாதி காதில் விழுந்தும் விழாமலும் நான் தலையாட்டிவிட்டேன். அதை அவள் சத்தியம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறே கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று உபதேசியார் மூன்று ஞாயிறு வாசிப்பது நமக்கெல்லாம் பழகிப்போனதுதான். ஆயுசு பூராவும் அந்த நேரத்தில் நான் கொட்டாவிதான் விட்டிருக்கிறேன். தடை என்றால் ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பவனைப் பற்றிய சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பழைய ஞானோபதேசப் புத்தகத்தைப் புரட்டினால், பெண்ணுக்கு மனமில்லாததும் தடைதானாம், கட்டாயத்தில் சொன்ன சம்மதம் சம்மதமே இல்லையாம். அப்படியானால் கோயில் நிறைய இருந்த ஜனத்தில் கடமைப்பட்ட ஆள் நான் ஒருவன்தான். வாக்கைக் காப்பாற்றினால் பிள்ளை வாழ்க்கை போகிறது, பிள்ளையைக் காப்பாற்றினால் வாக்கும் போகிறது, உங்கள் மானமும் போகிறது.

சரி, தீர்ப்புச் சொல்லத்தான் சாமியார் இருக்கிறாரே என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பேர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். பழைய சாமியாராக இருந்தால் சொல்லு, அல்லது சொல்லாதே என்று ஒரு வார்த்தையில் முடித்து, ஜெபமாலையைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார். இவர் இளம் வயசு. “உங்களுக்காக நான் முடிவு பண்ண முடியாதுங்க ஐயா. ஜெபம் பண்ணுங்க, நல்லா விசாரிங்க, அப்புறம் உங்க மனச்சாட்சி சொல்றபடி செய்யுங்க” என்றார். அது தப்பாகச் சொல்லிவிட்டால் என்று கேட்டேன். “உறுதியா சொன்னா அதன்படிதான் நடக்கணும். ஆனா அதைச் சரியா வளர்க்காம விட்டிருந்தா அது உங்க குத்தம்” என்றார். நெல்லை வளர்த்தேன், மாட்டை வளர்த்தேன், இதை யார் வளர்க்கச் சொன்னார்கள்?

அன்றிலிருந்து எனக்கு ஓய்வே இல்லை மச்சான். என் மனச்சாட்சி ஒரு நிலையில் நிற்பதாக இல்லை. காபிக்கு முன்னால் சொல் என்கிறது, சாப்பாட்டுக்குப் பின்னால் உனக்கேன் வம்பு என்கிறது. சில சமயம் அது உங்கள் அக்காள் குரலிலேயே பேசுகிறது. உங்கள் அக்காளோ, “பொண்ணுன்னா கல்யாணத்துக்கு முன்னாடி நாலு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டுதான் இருக்கும், நீங்க வாயத் தொறக்காதீங்க” என்று பத்திரிகை கொடுத்துக்கொண்டே போகிறாள். நான் வாயைத் திறக்கவே இல்லை, எப்படித்தான் தெரிந்ததோ.

பக்கத்து வயல் வைத்தியலிங்கம் வெளி மனிதர், நியாயம் சொல்வார் என்று வரப்பில் நிறுத்திக் கேட்டேன். முற்றின கதிரைக் கையில் கசக்கிக்கொண்டே, “நான் பேசாம இருன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதானே என்கிட்ட வந்தீங்க? சொல்லச் சொல்ற ஆளு வேணும்னா வேற ஆளுகிட்ட போயிருப்பீங்களே” என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இரண்டாம் ஓலை அன்று துணிந்துவிட்டேன். உபதேசியார் ‘தடை ஏதும்’ என்றதும் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் முகத்தில் ஈயாடவில்லை. பெண்கள் பக்கத்தில் பிரின்ஸி முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். “அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தை மாதத்துக் குளிர், பின் வரிசைக் கிழவர்கள் எல்லோருக்கும் சளி பிடித்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது மச்சான், அழுகையும் வந்தது.

தபசுக் காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்களே, அது வருமுன் கல்யாணம், வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. என்னால் முடியவில்லை. கையைக் கழுவிவிட்டேன் என்று எழுதப் போனேன், சேசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டு முன்னால் கழுவியது யார் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். நீங்களே பிள்ளையைக் கூப்பிட்டு, அழாமல் கேளுங்கள். ஆனால் இதை நான் சொன்னதாக மட்டும் ஒருவரிடமும் சொல்ல வேண்டாம். காற்றுவாக்கில் கேள்விப்பட்டதாகச் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்களையும் உங்கள் வேலையையும் வானதூதர்கள் காக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத மதலைமுத்து

பி.கு.: எழுதி முடித்தபின், வாக்கை மீறுகிறோமே என்று உறுத்தியதால் கடிதத்தைப் பிரின்ஸியிடமே படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். “சாமியாரக் கேட்டீங்க, வைத்தியலிங்கம் மாமாவக் கேட்டீங்க, மனச்சாட்சியக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?” என்றாள். கேட்கவில்லைதான். என்னம்மா செய்யட்டும் என்றேன். “கூட வாங்க, போதும்” என்றாள். பங்குச்சாமியிடம் போனோம். அவள்தான் பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இனி ஓலை வாசிக்க மாட்டார்கள். ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். காற்றுவாக்கில் என்று சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார், உங்கள் அக்காள், ஊர், யார் கேட்டாலும் கல்யாணத்தைக் கெடுத்தவன் மதலைமுத்து என்றே சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்லப் போகிறேன். பிள்ளையை ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. இது பொய்யில்லையா, பாவமில்லையா என்பீர்கள். தெரியாது மச்சான், இதை நான் யாரிடமும் கேட்கவில்லை.