பீரங்கிக் குண்டு துளைத்த பேனா ஸ்டாண்டு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் தன் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். நாங்கள் இருவரும் சுகம். நீயும் தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இந்த மூன்று வரிக்கே ஒரு காலைப் பொழுது ஆயிற்று. ஆனாலும் எழுத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. என்ன, கை எழுதினால் வாயும் கூடவே சொல்கிறது. "மனசுக்குள்ள சொல்லுங்க ஐயா" என்று முதியோர் வகுப்பு டீச்சர் அதட்டியும் அடங்கவில்லை.

இத்தனை நாள் நான் சொல்ல உன் அக்காதான் எழுதினாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று இருபது வருஷமாக என் தொண்டையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை உன் ஓய்வு விழாவில், நான் செய்து தந்த பேனா ஸ்டாண்டை அலுவலகத்துக்கே கொடுத்து, 'இது போர்க்கப்பல் மரம், இது பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டை' என்று மேடையில் பேசப் போகிறாயாமே. பேசாதே மச்சான். அது கப்பல் இல்லை, உன் அம்மாவின் கட்டில்.

கோபப்படாமல் கேள். எங்கள் பட்டறையில், துறைமுகத்தில் உடைத்த போர்க்கப்பலின் பலகைகளை வாங்கி, பேனா ஸ்டாண்டு செய்து, பித்தளைத் தகடு அடித்து விற்றோம் அல்லவா, ஒருநாள் கடைசி அடுக்கைப் பிரித்தால் மூன்று பலகை காணோம், முதலாளி "கடல்ல குதிச்சாவது கொண்டா" என்று கத்துகிறார், வீட்டுக்கு வந்தால் உன் அம்மா காலமான பிறகு கட்டில் பின்னறையில் சும்மா நிற்கிறது, உன் அக்காவோ உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அதிர்ஷ்டம், நிறம்கூட அச்சு அசலாகக் கப்பல் மரம், அறுத்துவிட்டேன். திரும்பி வந்தவளிடம் கரையான் தின்றுவிட்டது என்றேன். நான்கே நாளில், நாலு கால் உட்பட. பாவம், நம்பிவிட்டாள். அந்த மரத்தில் செய்த ஒன்றைத்தான் உனக்குத் தந்தேன். நீ ஊரெல்லாம் காட்டும் ஓட்டை கொசுவலைக் கம்பு நின்ற ஓட்டை. உன் அம்மா அதில் படுத்தபடியே என்னை விரட்டியதை நினைத்தால் போர்க்கப்பல் என்பது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் மேடைக்கு அது போதாது. படித்ததும் கிழித்துவிடு. உன் அக்கா காதுக்குப் போகவே கூடாது.

என் எழுத்தைப் போலக் கோணினாலும் விழாமல் உன் குடும்பம் நிற்க வாழ்த்தும்,
அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன். சமையலறையிலிருந்து குரல்: "ஒட்டாதீங்க. நான் சொல்றதையும் எழுதுங்க." காலையிலிருந்து நான் எழுத்துக் கூட்டிச் சொன்னது அத்தனையும் கேட்டிருக்கிறாள். இப்போது அவள் சொல்ல நான் எழுதுகிறேன்.

"தம்பி, அம்மா இருந்தப்பவே அவங்க பழைய கட்டில் ஒடிஞ்சுபோச்சு. அத்தான் வெளியூர் வேலைக்குப் போயிருந்தாரு. பட்டறையில மரம் அறுக்கிறவர்கிட்ட சொல்லி, மூணு கப்பல் பலகையை நைசா எடுத்து வரச் சொல்லி, அதே மாதிரி வேற கட்டில் போட்டுட்டேன். ஓட்டை பலகையிலயே இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு கொசுவலைக் கம்பைச் சொருகினேன். கரையான்னு இவர் சொன்னதும், திருட்டுச் சாமான் ஒழிஞ்சதேன்னு வாயைத் திறக்கலை. நீ தைரியமா பேசுடா."

முடித்ததும் என்னிடம், "இனிமே ரகசியம் எழுதறதா இருந்தா வாயை மூடிக்கிட்டு எழுதுங்க" என்றாள்.

அதையும் சத்தமாகச் சொல்லித்தான் எழுதினேன்.