சிகாகோவுக்குப் பன்னெண்டு மணி நேரம்

அன்னிக்கி எனக்கு இருந்தது ஒரே வேலதான். அமெரிக்கா கெளம்புற என் மச்சினன், சிகாகோவுக்கு எவ்ளோ நேரத்துல போய்ச் சேருவான்னு மாமியாருக்குச் சொல்லணும்.

பூ, இவ்ளோதானா! விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனி சூளைக்கு சூப்பர்வைசருங்க நான். உள்ள வச்ச சரக்க எத்தன மணி நேரம் கழிச்சு எடுக்கணும்னு நான் சொன்னா, மொதலாளியே மறுபேச்சு பேச மாட்டாரு. அந்தத் திமிரு வேற.

டிக்கெட்ட வாங்கிப் பாத்தேன். மெட்ராஸுல விடியக்கால ரெண்டு மணிக்கு ஏறுறான். அதே தேதி மத்தியானம் ரெண்டு மணிக்கு சிகாகோவுல எறங்குறான்.

பன்னெண்டு மணி நேரம்னு சொல்லிட்டேன்.

என் வூட்டுக்காரிக்கு நம்பிக்க வரல. மெட்ராஸுக்கே பஸ்ஸுல ஆறு மணி நேரம் ஆவுதே, அமெரிக்காவுக்கு வெறும் பன்னெண்டுதானான்னு கேட்டா.

"பிளேனு என்னா, நடுவழியில டீக்கு நிக்கப்போவுதா?"ன்னு அவ வாய அடச்சேன்.

என் கணக்க நம்பி மாமியாரு பழமலைநாதருக்கு வேண்டிக்கிட்டாங்க. புள்ள பிளேனு ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாதாம். அவங்களுக்கு சக்கர வியாதி இருக்குது. பாதி நேரம் தூக்கத்துலயே போயிடும்னு நானும் தலையாட்டிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி. போனு வரல. ரெண்டரையும் ஆயிடுச்சு. மாமியாரு செவுத்தோரமா சாஞ்சு படுத்துட்டாங்க. அவங்க பட்டினி கெடக்கயில மருமவன் மட்டும் எப்பிடி உக்காந்து சாப்புடறது? நானும் காலையிலேருந்து பட்டினிதான்.

ஜங்ஷன்கிட்ட இருக்குற பிரவுசிங் சென்டருக்கு ஓடுனேன். மச்சினன் குடுத்துட்டுப் போன டிக்கெட்டு ஜெராக்ஸ அங்க இருந்தவரு ஒரு தடவ பாத்தாரு.

"சார், இது அவங்க ஊரு ரெண்டு மணி. நம்ப ஊருல அப்ப ராத்திரி பன்னெண்டர. மொத்தம் இருவத்திரெண்டர மணி நேரம். நடுவுல ஜெர்மனியில எறங்கி வேற பிளேனு மாறணும்."

இன்னும் பத்து மணி நேரம் அந்தம்மா தாங்குவாங்களா? நெசமாவே பயந்துட்டேன். அதுக்கும் மேல, என் கணக்கு தப்புன்னு எந்த வாயால சொல்றது?

வூட்டுக்கு வந்து கூசாம புளுகுனேன். மச்சினன் நல்லபடியா எறங்கிட்டான், மெயில் வந்திருக்குதுன்னேன். மாமியாரு கோயில் இருக்குற பக்கம் திரும்பி கையெடுத்துக் கும்புட்டாங்க. மாப்ளைக்கு மொதல்ல எல போடுன்னாங்க. நானு பெருந்தன்மையா, நீங்க மொதல்ல சாப்புடுங்க அத்தைன்னுட்டேன்.

அவங்க ரசஞ்சோத்துல இருக்கயில போனு அடிச்சுது. எடக்கையால அவங்களே எடுத்தாங்க.

"இன்னும் ஜெர்மனியிலயாப்பா இருக்குற?"ன்னு கேட்டுட்டு என்னப் பாத்தாங்க.

திட்டல. போன வச்சாங்க, கையக் கழுவுனாங்க, நிதானமா சொன்னாங்க.

"மாப்ள, என் வேண்டுதல் கெட்டது உங்களாலதான். மிச்சப் பட்டினிய நீங்க இருந்துடுங்க."

என் வூட்டுக்காரி மறுநிமிஷமே சோத்துப் பானய உள்ள தூக்கிட்டுப் போயிட்டா.

ஜெர்மனியிலேருந்து சிகாகோ எவ்ளோ தூரம்னு இப்ப யாரு கேட்டாலும் கரெக்டா சொல்லுவேன்: ஒரு மத்தியானச் சோறு, ஒரு டீ, நாலு தோச.