ஒரு கல் மட்டும் ஆடும் பாலம்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. அக்கரையில் கொழுத்த எருமைகள் மேய்ந்தன. இக்கரையில் சிங்கராஜா நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே, மக்கள் நலன் கருதி ஆற்றில் பாலம் கட்டுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது.

முதல் தடவை டெண்டரைச் சிறுத்தை எடுத்தது. அதைவிடக் குறைந்த தொகைக்கு யாராலும் கேட்க முடியவில்லை. எப்படி முடியும்? அது கூலியாட்களுக்குச் சோறு போடவில்லை. கூலியாட்களே அதற்குச் சோறு. ஒரு தூண் எழும்புவதற்குள் பாதிப் பேர் வயிற்றுக்குள் போய்விட்டார்கள். மீதிப் பேர் சட்டியையும் கரண்டியையும் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். அந்த ஒற்றைத் தூணில் காக்கைகள் குடியேறின.

இரண்டாம் தடவை மந்திரி நரி ஒரு யோசனை சொன்னது.

"ராஜா, டெண்டர் விடுவதற்கு முன்பே வேலையாட்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டுவிடுவோம். காண்ட்ராக்ட் யார் எடுத்தாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பூமி பூஜையிலிருந்து திறப்பு விழா வரைக்கும் வேலையாட்களை யாரும் கடிக்கக் கூடாது. அவர்களும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது."

"செலவு எகிறிவிடும்!" என்று சிறுத்தை குதித்தது. "நிபந்தனையே போடாத ஆட்கள் என்னிடம் இருக்கிறார்கள், ராஜா."

"எங்கே?"

சிறுத்தை தன்னையறியாமல் வயிற்றைத் தடவியது.

ராஜா யோசித்தார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் மலிவு. ஆனால் ஆள் தங்காது. ஒப்பந்தம் இருந்தால் ஆள் தங்கும். ஆனால் ராஜாவுக்கும் பட்டினி. கடைசியில் அக்கரை எருமைகளை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். வேறு யாரும் முன்வராததால் காண்ட்ராக்ட் மறுபடி சிறுத்தைக்கே போனது.

மறுநாளே முயல், மான், காட்டுப்பன்றி அத்தனையும் சித்தாள் வேலைக்குப் பெயர் கொடுத்தன. தன் காட்டில் இத்தனை உழைப்பாளிகள் இருப்பது அரசாங்கத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. புள்ளிமான் கொம்பையா மேஸ்திரி ஆனார்.

வேலை ஜரூராக நடந்தது. சிறுத்தை நண்டு தின்று மெலிந்தது. கொம்பையாவின் மனைவி பூவாத்தாள் தூணடியிலேயே குட்டி ஈன்றாள். பயம் என்றால் என்னவென்று தெரியாமல் அந்தக் காட்டில் வளர்ந்த முதல் மான்குட்டி அதுதான். சிறுத்தையின் வாலைப் பிடித்து இழுத்து விளையாடும். சிறுத்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பந்தத்தை நினைத்துக்கொள்ளும். பார்க்கப் பார்க்கக் கொம்பையாவுக்கு மனசு குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே குறித்த காலத்துக்கு முன்பாகப் பாலத்தை முடித்துவிட்டார். பிழைக்கத் தெரியாத மான்.

கடைசிக் கல்லைப் பதித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது பூவாத்தாள் கேட்டாள்:

"ஏங்க, நாளைக்குத் திறப்பு விழாவாமே?"

"ஆமா. ராஜாவே வாராகளாம்."

"விழா முடிஞ்சதும்?"

கொம்பையா திரும்பிப் பார்த்தார். குட்டி வெயிலுக்கு ஒதுங்கி, சிறுத்தையின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் வாழைமரம், தோரணம் எல்லாம் கட்டியிருந்தார்கள். சிறுத்தை குடும்பத்தோடு வந்திருந்தது. காலையில் யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ராஜா பாலத்தில் வைக்க முன்னங்காலைத் தூக்கினார்.

"ராஜா, பாலம் தயாருதான்," என்றார் கொம்பையா. "ஒரு கல்லு மட்டும் லேசா ஆடுது. சரியா நீங்க மிதிக்கிற எடம்."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"பொய்!" என்று கத்திய சிறுத்தை, பாலத்தின் நடுவே ஓடிப்போய்க் குதித்துக் காட்டியது. ஒரு கல்லும் அசையவில்லை.

"அவுக கனம் வேற. ராஜாவோட கனம் வேற," என்றார் கொம்பையா பணிவாக.

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. காலை எடுத்துக்கொண்டார்.

நரி கொம்பையாவைத் தனியாகக் கூப்பிட்டது. "நெசமாவே ஆடுதாய்யா?"

"பொழுது சாயறதுக்குள்ள ஆட வச்சிருதேன், ஐயா."

நரி சிரிக்கவில்லை. ஒப்பந்தம் மாபெரும் வெற்றி என்று அறிக்கை எழுதப் போய்விட்டது.

இப்போது ராஜாவுக்குப் பல் இல்லை. அக்கரையில் அந்த எருமைகளின் பேரப்பிள்ளைகள் மேய்கின்றன. கொம்பையாவும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். எல்லோருக்கும் பாலத்தில்தான் வேலை. காலையில் கல்லைப் பதிப்பார்கள். சாயங்காலம் நெம்பி எடுப்பார்கள். ஒப்பந்தப்படி வேலை ஒரு நாள்கூட நின்றதில்லை.

நீதி: வேலையை முடித்தவன் இரையாவான், இழுத்தடித்தவன் தாத்தாவாவான்.