ஓல்டான் மாமா போட்ட எல்லை

கொரோனா உலகத்தையே பிடித்தது என்கிறார்கள். எங்கள் ஊரைப் பிடித்தது ஓல்டான் மாமா. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இன்றுவரை என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

முப்பது வருடம் லாரி கிளீனராக இருந்தவர். டிரைவர் ஆகவில்லை, ஆசைப்பட்டதும் இல்லை. லாரி பின்னால் வரும்போது பாடியைத் தட்டி, “வரட்டும், வரட்டும், ஓல்டான்!” என்று நிறுத்துவதில்தான் அவருக்குப் பிறவிப் பயன். வேலையை விட்டு ஜேடர்பாளையம் பக்கத்து எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்த பிறகு, நிறுத்துவதற்கு வண்டி கிடைக்காமல் தவித்தார். எருமை இரண்டடி பின்னால் நகர்ந்தால்கூட “ஓல்டான்!” என்பார். எருமையும் நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்து ஊரடங்கு வந்தது. மனிதருக்கு வாழ்வு வந்தது.

ஊருக்குள் நுழைந்தால் முதல் வீடு அவருடையது. அதற்குக் கொஞ்சம் முன்னால் சாலையின் குறுக்கே ஒரு தென்னங்கட்டையைப் போட்டு, மேலே கருவேல முள்ளை அடுக்கி, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை நியமிக்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அதுவரை வெளியூரிலிருந்து வருபவரைப் பார்த்து “எப்ப வந்தீங்க?” என்று கேட்ட ஊர், அந்த வருடம் “எப்பப் போறீங்க?” என்று கேட்கப் பழகியிருந்தது.

இது தெரியாமல் நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து வந்து இறங்கினோம்.

“ஓல்டான்!”

“மாமா, நாந்தானுங்க. இ-பாஸ் இருக்குது. டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு பேப்பர் குடுத்திருக்காங்க.”

“பேப்பருக்கு ஒண்ணுமில்லீங்க மாப்ள. உங்களுக்கு?”

பத்தடி தள்ளி நின்றபடி, “எங்க, ஒருக்கா இருமுங்க பாக்கலாம்” என்றார். எனக்கு இருமல் வரவில்லை. “அடக்கறீங்க” என்றார். எரிச்சலில் வேண்டுமென்றே இருமினேன். “பாத்தீங்களா!” என்றார்.

தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு, மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீரை எங்கள் மேல் அடித்தார். என் மனைவியின் வெள்ளைச் சுடிதார் அன்றோடு சரி. பிறகு கட்டைக்கு வெளியே இருக்கும் எங்கள் கரும்புக் காட்டு மோட்டார் ரூமைக் கை காட்டினார். பதினான்கு நாள். என் காடு, என் மோட்டார் ரூம், என் அம்மா சமைத்த சோறு. உத்தரவு மட்டும் அவருடையது.

அந்தச் சோற்றையும் கையால் தரமாட்டார். ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டியின் முனையில் தூக்குப்போசியை மாட்டி நீட்டுவார். ஒருநாள் ரசம் முழுவதும் வாய்க்காலுக்குப் போனது. “கரும்புக்கு நல்லதுங்க” என்றார். அம்மா வாய்க்கால் மேட்டில் நின்று “சாப்ட்டியா சாமி?” என்று கத்துவாள். நான் பதிலுக்குக் கத்தினால், வாயிலிருந்து காற்று வருகிறது என்று அதற்கும் தடை.

பதினோராம் நாள். சாலையில் பைக்கில் போன பழைய சினேகிதனைப் பார்த்துக் கையாட்டினேன். மாமா ஓடி வந்தார்.

“கை குடுத்தீங்களா?”

“கையாட்டுனேனுங்க. அவன் அங்க, நான் இங்க.”

“காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?”

“மாமா!”

“மறுக்கா ஒண்ணுல இருந்து எண்ணுங்க.”

என் மனைவி அன்று அவரைத் திட்டிய வார்த்தைகளை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. நானும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை அவருடைய மகளே வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியும் மூடி, வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்லிவிட்டதால், கணவனும் நான்கு வயதுக் குழந்தையுமாக ஒரே பைக்கில் வந்திருந்தார்கள். மாமா எழுந்தார். “ஓல்டான்” என்றார், எருமைக்கும் கேட்காத குரலில்.

விஷயம் தெரிந்து கட்டைக்கு உள்பக்கம் ஊர் கூடிவிட்டது. மாமா யார் யாரையெல்லாம் நிறுத்தினாரோ, அத்தனை பேர் வீட்டு ஆட்களும் முன்வரிசையில்.

“எம் மச்சானை நிறுத்துனீங்கல்ல? இப்ப என்ன பண்றீங்கன்னு பாக்கறோம்” என்றார் ஒருவர்.

“திருப்பூருக்கே திருப்பி அனுப்புங்க. ஊருக்குள்ள ஆகாது” என்றார் இன்னொருவர்.

“அப்பா, புள்ளைக்குப் பசிக்குதுங்க” என்றாள் மகள்.

மாமா ஊரைப் பார்த்துத் திரும்பினார். “நிறுத்தறதுதானுங்க நான். தொரத்தறது இல்லீங்க.”

முள்ளை விலக்கினார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கட்டையைத் தனியாக உருட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார். கூட்டம் பின்வாங்கியது. தன் வீட்டைத் தாண்டி இருபதடி உள்ளே வந்து கட்டையைக் குறுக்கே போட்டார். இப்போது அவர் வீடு ஊருக்கு வெளியே.

“எம் புள்ள ஊருக்குள்ள வரலீங்க. போதுமுங்களா?”

முன்வரிசை ஒவ்வொருவராகக் கலைந்தது. நானும் உள்ளே போய்விட்டேன். இத்தனைக்கும் மோட்டார் ரூம் வாசலிலிருந்து ஒரு சிரிப்புச் சிரிக்கலாம் என்று காத்திருந்தவன் நான்.

மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, மாமா கட்டைக்கு ஊர்ப் பக்கமாக லாரித் தார்ப்பாயைக் கட்டிப் படுத்துக்கொண்டார். பேத்தி தினமும் வாசலில் நின்று, “அப்புச்சி, தூக்கு!” என்று அழுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இல்லாத வண்டிக்குக் கை காட்டுவார்.

நான் வெளியே வந்த மறுநாள் அவர்களுடைய பதினான்கு நாளும் முடிந்தது. குழந்தை குளித்து, பவுடர் போட்டு வாசலில் நின்றாள். ஊரே நின்றது.

“இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குதுங்க” என்றார் மாமா, செல்போனைப் பார்த்து. “அவுங்க வந்தது பத்து மணிக்கு.”

“யோவ்!” என்று கத்தியது வேறு யாருமில்லை, என் மனைவிதான். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. நான் போய்க் கட்டையின் ஒரு முனையைத் தூக்கிச் சாலை ஓரத்தில் தள்ளினேன். குழந்தை ஓடி வந்தாள். தடுக்கப்போகிற மாதிரிதான் அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அப்படியே அவளை வாரிக்கொண்டார். வெகுநேரம் இறக்கிவிடவில்லை.

இப்போதும் ஊருக்குப் போனால் அந்த மனுஷனைப் பற்றி அம்மாவிடம் ஒரு மூச்சுத் திட்டித் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. வேறு யாராவது திட்டினால் மட்டும், ஏனோ, கையை உதறிவிட்டு எழுந்துவிடுகிறேன்.