தட்டு மாற்றும் முன் இரண்டு குளியல்

ஐம்பதை நெருங்கும் ஆண்பிள்ளை புதுச் சட்டை வாங்கினால் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சென்ட் வாங்கினால் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். நான் வாங்கினேன். விசாரணை கடலூரில் நடந்தது. தீர்ப்பு மட்டும் சிதம்பரத்தில், என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, இருபது பேர் முன்னிலையில் வழங்கப்பட்டது.

முதலில் என் தரப்பு நியாயம். இப்போது ஆண்களுக்கென்று விற்கிற சென்ட்டுகளை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒன்று சாக்லேட், ஒன்று வெனிலா ஐஸ்கிரீம், இன்னொன்று பஞ்சுமிட்டாய். அடித்துக்கொண்டு வெளியே போனால் எறும்பு மொய்க்கும். விலையைக் கேட்டாலே வியர்த்து, போட்டதெல்லாம் கலைந்துவிடும். ஆனால் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரின் மேல் தட்டில், தூசி படிந்த பச்சைக் கண்ணாடிப் புட்டி ஒன்று அரைக் கிலோ முந்திரிப் பருப்பு விலைக்குக் கிடைத்தது. (எங்கள் அப்பாக்கள் காலத்துச் சரக்கு. இன்னும் தயாரிக்கிறார்களாம்.)

மூடியைத் திறந்தேன். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல முதலில் ஒரு சுரீர். அது அடங்கியதும் மழை விட்ட சுவரின் பாசி. அதற்கும் அடியில், வெகுநேரம் கழித்து, சோப்பு மணமும் இஸ்திரிச் சூடுமாக ஓர் ஆள் வந்து நின்றார். நேரத்துக்கு வேலைக்குப் போய், யாரிடமும் குரலை உயர்த்தாமல் திரும்புகிற நிதானமான ஆள். நான் அவராக ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான் அவரைக் கழுத்தில் தடவிக்கொள்ள அத்தனை ஆசை வந்தது. காலையில் போட்டால் ராத்திரி சட்டையைத் துவைக்கப் போடும்போதும் போகமாட்டார். அரைக் கிலோ முந்திரிக்கு இந்த விசுவாசத்தை வேறு யார் தருவார்கள்?

மகள் தேன்மொழி தானே தேர்ந்தெடுத்த பையன் பிரபு. அவனுடைய அம்மா மங்கையர்க்கரசி சம்மதிக்க இரண்டு வருடம் ஆனது. "ஆசாரம் பாக்கறவங்கப்பா. நீ ஜாஸ்தி பேசாம இருந்தா போதும்" என்று மகள் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். தவறினால் அந்த அம்மா இன்னொரு நாள் பார்ப்பாரா என்பதே சந்தேகம்.

பேசாமல் இருக்க ஒப்புக்கொண்டேன். மணக்காமல் இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. முந்தின நாளே முடி வெட்டிக் குளித்தாயிற்று. அன்று விடியற்காலை மறுபடி குளித்து, கழுத்தில் இரண்டு, மணிக்கட்டில் இரண்டு, போகிற காரியம் பெரிது என்று சட்டைக்குள் ஓர் ஆறு.

சிதம்பரம் போகிற வழியில் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனிகளின் நாற்றம் அடிக்கும் என்பதால், அந்த இடம் வந்ததும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அன்று காரோட்டிய என் மனைவியின் தம்பி செல்வம் இறக்கினான்.

"இன்னா மச்சான், எறக்குற?"

"வெளிய பரவால்ல மாமா."

பின் சீட்டிலிருந்து மனைவி சொன்னாள்: "பொண்ணுக்கு அப்பாவா வர்றாரா, இவரே மாப்ளையா வர்றாரான்னு கேக்கப் போறாங்க." மகள் பட்டுப்புடவை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

ஒன்பதே காலுக்குச் சிதம்பரத்தில் பிரபுவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். குங்குமச் சிமிழோடு வாசலுக்கு வந்த மங்கையர்க்கரசியின் சிரிப்பு என் அருகில் வந்ததும் நின்றது. புதிதாய் வெட்டிய என் பிடரியைப் பார்த்தார். மூச்சை ஒருமுறை இழுத்தார்.

"அண்ணே, சலூன்லேருந்து நேரா வர்றீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் சலூனில் ஷேவிங் முடித்ததும் கன்னத்தில் தடவுவார்களே, அதே வாசம். முடி வெட்டி வந்தவன் குளிக்காமல் எதையும் தொடக்கூடாது என்பது வழக்கம். உள்ளே விளக்கு எரிகிறது, தாம்பாளங்கள் காத்திருக்கின்றன.

"இல்லம்மா, இது சென்ட்" என்றால் முடிந்தது. ஆனால் இருபது ஜோடிக் கண்களுக்கு முன்னால், பெண்ணைக் கொடுக்க வந்தவன் 'நான் சென்ட் அடித்திருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வான்?

"ஆமாம்மா. சலூன்ல கூட்டம் ஜாஸ்தி. நேரமாயிடுச்சி."

மனைவி பழத்தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கை அடிப்பதற்காக என்று தோன்றியது.

"பரவால்லண்ணே. பின்பக்கமா போயி தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துடுங்க. பிரபு, மாமாவுக்குத் துண்டு குடு."

குளித்தேன். சம்பந்தியின் வேட்டி சட்டையில் வெளியே வந்தேன். (அவர் ஒல்லி. பட்டன் எதுவும் எட்டவில்லை.) மங்கையர்க்கரசி மறுபடி மூச்சை இழுத்தார்.

"சோப்பு போட்டீங்களாண்ணே?"

"ரெண்டு தடவ போட்டேம்மா."

"சீயக்கா தரேன். வெந்நீரும் இருக்கு."

வெந்நீர்தான் காலை வாரியது. சூடு பட்டதும் அந்த நிதானமான ஆள் விஸ்வரூபம் எடுத்தார். இரண்டாம் குளியல் முடித்து வந்தபோது எனக்கு முன்னால் அவர் கூடத்துக்குள் நுழைந்திருந்தார். மணி பத்தே கால்.

"நேரம் போவுதும்மா" என்றது ஒரு குரல். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தேன்மொழி பிரபுவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை. "தங்கச்சி, முடி நேத்தே வெட்டியாச்சி. நேத்தே குளிச்சிட்டேன். இது சென்ட். சொல்ல வெக்கமா இருந்துச்சி, பொய் சொல்லிட்டேன்."



"இன்னிக்குக் காலையிலயும் குளிச்சாரு. மொத்தம் நாலு" என்று செல்வம் கணக்கைச் சரிசெய்தான்.

"ஒரு பொய்யக் காப்பாத்தவா ரெண்டு தடவ குளிச்சீங்க?" என்றார் மங்கையர்க்கரசி.

"மூணாவதுக்கும் தயாராத்தாம்மா இருந்தேன்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "இந்த மனுசன் நம்மள ஏமாத்த மாட்டாருங்க. அவரால முடியாது. தட்ட எடுங்க."

பத்து இருபதுக்குத் தட்டு மாற்றினோம். பட்டன் போடாத சட்டைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, புகைப்படத்தில் நான் மட்டும் நீச்சலுக்கு வந்தவனைப்போல் நிற்கிறேன்.

மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் சிதம்பரத்திலிருந்து போன் வந்தால் "சௌக்கியமா" என்று யாரும் கேட்பதில்லை. "குளிச்சிட்டீங்களாண்ணே?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

அன்று சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில், அதுவரை வாயே திறக்காத சம்பந்தி என் காதருகே வந்து, "அது எங்க கெடைக்குது?" என்று கேட்டார். அடுத்த வாரமே ஒரு புட்டி கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தான்.

"மாமா, அப்பாவ அம்மா வாசல்லயே நிக்க வச்சிருக்காங்க."

"இன்னா சொன்னாரு?"

"சலூனுக்குப் போயிட்டு வர்றேன்னாரு மாமா. அவருக்கு வெட்ட முடியே கெடையாது."