பை காக்கும் பதவி

இந்த ஜென்மத்தில் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து எடுப்பதில்லை. இது என் கொள்கை. நான் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். மனுஷன் எப்படியெல்லாம் திடீரென்று போய்ச் சேரலாம் என்று ஊராருக்கு எடுத்துச் சொல்லி வயிறு வளர்க்கிறவன். ஊரைப் பயமுறுத்திப் பயமுறுத்தி, மிச்சப் பயமெல்லாம் எனக்குள் வந்து டேரா போட்டுவிட்டது. எங்கள் வீட்டில் பல்பு மாற்றவேண்டும் என்றால்கூட மாடி வீட்டுக்காரர்தான் இறங்கி வரவேண்டும். "மேல ஏறுறதெல்லாம் ஆம்பிளை வேலை" என்று என் மனைவி நாற்காலியைக் கொண்டுவந்து போடுவதோடு நிறுத்திக்கொள்வாள். நானும் அதைப் பிடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

இப்படிப்பட்டவனைத் தீம் பார்க்குக்குக் கூப்பிடலாமா?

கூப்பிட்டாள். எல்லாம் என் சகலையால் வந்த வினை. சகலை மெத்தைக் கடை வைத்திருக்கிறார். எங்கே விழுந்தாலும் மெத்தைமேல் விழுந்தே பழகிய மனுஷன். அந்தப் பார்க்கில் ஜெர்மன் கிராமம் என்று ஒரு பகுதி. அதில் சூனியக்காரி ரயில் என்று ஒரு சனியன். மலை உச்சிக்கு ஏறி, அங்கிருந்து தலைகுப்புறப் பாயும். பாயும்போது கேமரா தானாகப் படம் பிடிக்கும். சகலையும் என் மனைவியின் அக்காவும் அதில் போய், அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் சகலை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். அவர் வீட்டுக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

"கல்யாண நாளைக்கு எனக்கு அந்த மாதிரி ஒரு படம் வேணும்" என்றாள் மனைவி.

"எதுக்கு? நம்ம கல்யாணப் படமே இருக்கே. அதுலயும் நான் பயந்துதானே நிக்கறேன்?"

"சிரிப்பு வரலை. அக்கா என்ன கேட்டா தெரியுமா? 'உன் வீட்டுக்காரருக்கு எஸ்கலேட்டரே ஆகாதாமே'ன்னா. அத்தனை பேர் முன்னாடி! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"நீ என்ன சொன்னே?"

"அவர் நினைச்சா தனியாவே போவார்னு சொல்லிட்டேன்."

போச்சுடா! ஏறினால் உயிர் போகும். ஏறாவிட்டால் மானம் போகும், அதுவும் ஒரு தடவையோடு போகாது, சகலை வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் தவணை முறையில் போகும்.

யோசித்தேன். எந்தத் தீம் பார்க்கிலும் எந்தக் கூட்டத்திலும் ஒருத்தர் கட்டாயம் ஏறமாட்டார். கீழே பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, நொறுக்குத்தீனி கொறித்துக்கொண்டிருப்பார். பை காப்பவர். ஆஹா, என்ன பதவி! உயிரும் பத்திரம், மரியாதையும் பத்திரம். ஆனால் கைகால் திடமாக இருக்கிற புருஷனுக்கு அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். தகுந்த வியாதி வேண்டும்.

மாடி வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பழக வருகிறவர்கள் போடுகிற பிரேக்கில் அவர் கழுத்து அடிக்கடி பிடித்துக்கொள்ளும். அதற்கென்றே ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டை வைத்திருக்கிறார். போய் நின்றேன்.

"ஒருநாளைக்குத்தான் சார்."

"வலியா?"

"வரக்கூடாதுன்னுதான்."

"வலிக்கு முன்னாடியே பட்டையா? இன்ஷூரன்ஸ்காரர்னா இன்ஷூரன்ஸ்காரர்தான்!" என்று எடுத்துக் கொடுத்தார். "வீட்ல கேட்டா?"

"மூச்சு விடாதீங்க."

கல்யாண நாள் விடிந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். முன்பக்கம் பிரமாதம். அசல் நோயாளி. முகத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"ஐயய்யோ! என்னங்க இது? ராத்திரி நல்லாத்தானே இருந்தீங்க?"

"தலகாணி கவுத்துடுச்சு. பரவாயில்லை, உனக்காக வரேன். நீதான் அக்காகிட்டே வாக்குக் கொடுத்துட்டியே."

என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனாள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. பாவம், அழுகிறாள் போலிருக்கிறது என்று எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

ஜெர்மன் கிராமம் நிஜமாகவே அழகு. பொய் சொல்லக்கூடாது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்த வீடுகள். ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூத்தொட்டி. தோல் அரைக்கால் சட்டையும் தோள்வாரும் போட்ட நாலைந்து பேர் கன்னம் வெடிக்கிற மாதிரி பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கடையில் இறகு செருகிய பச்சைத் தொப்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டாள். எடுப்பாக இருந்தாள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் கொஞ்சம் விலகியே நடந்தார்கள். சிலர் சிரித்த மாதிரியும் இருந்தது. நோயாளிக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சதுக்கத்தின் நடுவில் கோபுரம் உயரத்துக்குக் குயில் கடிகாரம். மணி அடித்தது. கதவு திறந்தது. கூட்டம் "ஓ" என்றது.

"ஏங்க, மேல பாருங்க! குயில் வருது!"

தலை தானாக நிமிரப் போனது. கடைசி நிமிஷத்தில் பிடித்து நிறுத்தினேன். "எங்கம்மா பார்க்கறது? கழுத்து அசையலையே."

"அட ஆமா, மறந்தே போச்சு." என் முகத்தையே பார்த்தாள். அடுத்து, "உங்க ஷூ லேஸ் அவுந்திருக்கே" என்றாள். குனியவில்லை. "உங்க மேனேஜர் மாதிரி ஒருத்தர் பின்னாடி வராரே" என்றாள். திரும்பவில்லை. உள்ளுக்குள் வியர்த்து ஊற்றியது. போலீஸ் விசாரணையே தேவலை.

சூனியக்காரி ரயில் வாசலில் பெரிய பலகை. கழுத்துவலி உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. எழுதிய மகராசன் நல்லா இருக்கணும்!

"அடடா" என்றேன், எவ்வளவு வருத்தம் முடியுமோ அவ்வளவும் சேர்த்து.

"சரி, நீங்க உக்காருங்க. பையைப் பார்த்துக்குங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"ஒருத்தராவது போகணுமே. அக்காகிட்டே சொல்லிட்டேனே." பையை என் மடியில் வைத்துவிட்டு, இறகு ஆட ஆடக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

பதவி கிடைத்துவிட்டது. உப்புத் தூவிய முடிச்சு ரொட்டி ஒன்று வாங்கினேன். கடுகுச் சாந்தைத் தொட்டு ஒரு கடி. ஆப்பிள் ஜூஸ் ஒரு மடக்கு. பேண்டுக்குத் தாளம் போட்டது என் கால், இரண்டும் தரையில். ஜெர்மனி என்றால் இதுவல்லவோ ஜெர்மனி!

ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. மரப்பாலம் கடகடவென்று ஆட, மெல்ல மலைமேல் ஏறியது. முன்வரிசையில் பச்சைத் தொப்பி, இறகு. அவள்தான். உச்சிக்குப் போனது.

நின்றது.

கீழே இறங்கவேண்டிய ரயில், உச்சியில், மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. பேண்ட் வாசிப்பவர்கள் தம் பாட்டுக்கு வாசிக்கிறார்கள். யாருக்கும் பதற்றம் இல்லை. நான் மட்டும் ரொட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். இயந்திரக் கோளாறு, அறுந்த சங்கிலி, கழன்ற போல்ட். ஊராரிடம் நான் சொல்கிற அத்தனையும் வரிசையாகக் கண்முன் வந்தது. போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டேன்.

என் மடியில் மணி அடித்தது. போன் பைக்குள்ளேயே இருந்தது.

அவ்வளவுதான். எனக்கு அவள் வேண்டும். திட்டிக்கொண்டாவது, கிண்டல் பண்ணிக்கொண்டாவது பக்கத்தில் இருக்கவேண்டும். அவளைத் தனியாக மேலே அனுப்பிவிட்டு இங்கே கடுகுச் சாந்து தொட்டுத் தின்கிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா? பட்டையைப் பிய்த்து பெஞ்சில் எறிந்தேன். பையையும் போட்டேன். பதவியாவது மண்ணாவது! ஓடினேன்.

வாசலில் தோல் அரைக்கால் சட்டை போட்ட ஆபரேட்டர் நின்றான். அங்கிருந்து பார்த்தால் உச்சி தெரியவில்லை.

"தம்பி! ரயில் நின்னுபோச்சு! என் பொண்டாட்டி மேல இருக்கா!"

"என்ன சார்? பேண்ட் சத்தத்துல கேக்கலை."

"மேல போகணும்! படி இருக்கா?"

"படியெல்லாம் இல்லை சார். மேல போகணும்னா ரயில்தான். இதோ ஒரு சீட்டு இருக்கு, முன்னாடி. சீக்கிரம்!"

ஏறிவிட்டேன். யோசித்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன். இரும்புக் கம்பி வயிற்றின் மேல் வந்து 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"தம்பி, நின்னுபோன ரயிலை எப்போ சரி பண்ணுவீங்க?"

"நின்னுபோகலை சார். உச்சியில கொஞ்ச நேரம் நிக்கும், சூனியக்காரி சிரிப்பா, அப்புறம் இறங்கிடும். எப்பவும் அப்படித்தான்."

"அடப்பாவி! இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

ரயில் கிளம்பிவிட்டது.

ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. கிராமம் சுருங்கிப் பொம்மை வீடுகள் ஆனது. என் பாலிசிக்கு வாரிசு அவள்தான் என்பது தேவையில்லாமல் ஞாபகம் வந்தது. கண்ணை மூடினேன். மூடினால் இன்னும் மோசம். திறந்தேன். உச்சி. நின்றது. முன்னால் எந்த ரயிலும் இல்லை, ஒன்றுமே இல்லை, ஆகாயம்தான் இருந்தது. பாறைக்குள்ளிருந்து சூனியக்காரி சிரித்தாள். தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டேன்.

என் பெஞ்சு. என் பெஞ்சில் பச்சைத் தொப்பி. மடியில் பை. கழுத்தில் வெள்ளையாக என்னமோ. கையில் என் முடிச்சு ரொட்டி. என்னைப் பார்த்து ஜாலியாக டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்ய்ய்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ரயில் பாய்ந்தது. பளிச்சென்று கேமரா மின்னியது. பிறகு நடந்ததைச் சொல்ல நான் அங்கே இல்லை. என் உயிர் ரயிலுக்குப் பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தது.

தள்ளாடிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். அவள் கழுத்தில் என் பட்டை.

"நீ... ரயில்ல... இறகு..."

"ஊர்ல பாதிப் பேர் இந்தத் தொப்பிதான் வாங்கியிருக்காங்க. நான் ரொட்டிக் கடைக்குள்ள நின்னு பார்த்துட்டிருந்தேன். உச்சியில ரயில் நிக்கும்னு அக்கா சொல்லியிருக்கா. கீழ உக்காந்து அதைப் பார்த்தா நீங்க பொறுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ போனைப் பையில விட்டது?"

"மறந்துட்டேன்னு வச்சுக்குங்களேன்."

"நீ ஏன் ஏறலை?"

"நானா? என்னிக்காவது நான் நாற்காலி மேல ஏறிப் பார்த்திருக்கீங்களா? எனக்கு உயரம்னாலே உதறும்."

இத்தனை வருஷம்! ஒரே நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டே குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

"என் கழுத்து பொய்னு எப்போ தெரியும்?"

அவள் சும்மா திரும்பி உட்கார்ந்தாள். பட்டையின் பின்பக்கம், டிரைவிங் ஸ்கூல் ஸ்டிக்கர். பெரிய சிவப்பு 'எல்' எழுத்து. காலையிலிருந்து ஊரே என்னைவிட்டு விலகி நடந்ததற்கு அர்த்தம் புரிந்தது.

"மாடி வீட்டு சார் பட்டையை நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன்" என்றவள் போனைக் காட்டினாள். எதிரே ரயில் கவுண்டர் திரையில் வந்த படத்தை அதற்குள் பிடித்து வைத்திருந்தாள். வண்டி முழுக்கக் கம்பியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. முன்வரிசையில் நான் மட்டும் இரண்டு கையும் மேலே, வாயெல்லாம் பல். சகலையெல்லாம் பிச்சை வாங்கவேண்டும். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அக்காவுக்கு அனுப்பிட்டேன். 'தனியாவே போனார் பாரு'ன்னு." அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான். "இனிமே ஒருத்தர் வாய் திறக்க முடியாது."

போன் கிணுகிணுத்தது. படித்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"அத்தான் அசந்துட்டாராம்! ஞாயித்துக்கிழமை அவங்களும் வராங்களாம். உங்ககூட முன் சீட்டுல உக்காரணுமாம்."

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் ஏறிட்டா பையை யாரும்மா பார்த்துக்கறது?"

என் மனைவி பட்டையைச் சரிசெய்துகொண்டு, பையை மடியில் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் கழுத்து சரியில்லையேங்க."