மூன்றாம் கவர்னர் தலையசைக்கவில்லை

துபாய் அல் கூஸில், டயர் கிடங்குக்கும் பிஸ்கட் கிடங்குக்கும் நடுவே சீரும் சிறப்புமாக நடந்துவந்த போலார் ஒட்டகம் ஏசி பராமரிப்பு நிறுவனத்துக்கு ஒரே ஒரு குறை. அதற்கு வரலாறு இல்லை.

ஏணி இருந்தது, வேன் இருந்தது, வேனில் தொப்பி போட்ட ஒட்டகத்தின் படம்கூட இருந்தது. வரலாறுதான் இல்லை. ஜெனரல் மேனேஜர் ரவிசங்கர் ஓட்டலில் நடந்த தலைமைப்பண்புப் பயிலரங்கு ஒன்றுக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகவே இந்தக் குறையைக் கண்டுபிடித்துவிட்டார். நேற்றுத் திறந்த ஷவர்மா கடைகூட போர்டில் தாத்தா காலத்து வருஷத்தைப் போட்டுக்கொள்கிற காலம். "உலகமே இப்ப ஹெரிட்டேஜ்லதான் ஓடுது. நமக்கும் நாலு முன்னோர் வேணும்" என்று உத்தரவானது.

அட்மின் ஆபீசர் கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். எதைக் கேட்டாலும் மாலைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறவர். மூடிப்போன ஒரு ஸ்பானிய உணவகத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. நாற்காலி வாங்கப் போனவர் முன்னோர்களோடு திரும்பினார். ஏழு பெரிய போட்டோக்கள். எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டவை. ஆளுக்கொரு மீசை, மார்பு கொள்ளாத பதக்கம்.

அவை ஹாலில் மாட்டப்பட்டபோது கார்மேகம் ஏணி உச்சியில் நின்று, ஏசிக் காற்று வரும் டக்டுக்குள் தலையை விட்டுத் தூசி துடைத்துக்கொண்டிருந்தான். சிவகங்கைப் பக்கத்து ஆள். இந்த வேலைக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்து ஐந்தாவது வருஷத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"யாரு பாய் இவங்க?" என்று ரவிசங்கர் கேட்பது அவன் காதில் விழுந்தது.

கலீல் பாய் செல்போனைப் படத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்காவுல ஸ்பானிய கினின்னு ஒரு காலனியாம் சார். ஸ்பெயின் ராஜா அனுப்பிவச்ச கவர்னருங்க" என்றார்.

"ஆப்பிரிக்காவுல வெயில் இருக்கா?"

"ஏகத்துக்கும் சார்."

"அப்ப நம்ம ஃபீல்டுதான்."

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. "இதனால் அனைத்துப் பணியாளர்களுக்கும் அறியத்தருவது யாதெனில், வெப்பப் பிரதேச நிர்வாகத்தில் நெடுநாள் அனுபவம் வாய்ந்த எழுவரும் இன்றுமுதல் நமது நிறுவனத்தின் ஆன்மீக நிறுவனர்களாகக் கருதப்படுவர். ஐயம் எழும் இடங்களில் கவர்னர்களின் வழக்கமே இறுதியானது."

அன்றிலிருந்து பணியாளர்கள் தங்கும் கேம்புக்குக் காலனி என்று பெயர். சூப்பர்வைசர்கள் துணை கவர்னர்கள் ஆனார்கள். டெக்னீஷியன்களுக்குத் தோளில் குஞ்சம் வைத்த வெள்ளைச் சட்டையும் கூடை போன்ற தொப்பியும் வந்தன. கார்மேகத்தின் ரூம்மேட் விஜயபாஸ்கர் அந்தத் தொப்பியோடு ஒரு டக்டுக்குள் ஏறி, தலை சிக்கி, மத்தியானம் வரை மரபைக் காத்துத் தொங்கினான். எச்.ஆர். சங்கீதா மேடம் மீசைக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, மேனேஜ்மென்ட்டின் சிறப்பு அனுமதியின் பேரில் தமக்கு மட்டும் விலக்கு அளித்துக்கொண்டார்.

இதையெல்லாம் கார்மேகம் சகித்துக்கொண்டான். வெள்ளைச் சட்டையில் தூசி பளிச்சென்று தெரிகிறதே என்பதுதான் அவனுக்குக் கஷ்டம். ஆனால் அவனுக்கு ஆவணியில் கல்யாணம்.

அதே கல்யாணம் தையில் நடக்க வேண்டியது. லீவு கிடைக்கவில்லை. பிறகு வைகாசிக்குத் தள்ளினார்கள். அப்போதும் கிடைக்கவில்லை. கட்டிக்கப்போகிற கனகாவின் வாய்ஸ் மெசேஜ்கள் மாதத்துக்கு மாதம் நீளம் குறைந்து காரம் கூடிக்கொண்டே வந்தன. கடைசியாக வந்தது இது: "மாமா, பந்தக்காரரு என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. இந்தவாட்டியும் வரலேன்னா உங்க ஒட்டகத்தையே கட்டிக்கிருங்க."

கார்மேகம் கலீல் பாயிடம் ஓடினான்.

"என் லீவு என்னாச்சு பாய்?"

"பெண்டிங் தம்பி."

"யாருகிட்ட?"

பாய் சுவரைக் காட்டினார். "டக்ட் செக்‌ஷன் மூணாவது கவர்னருக்குக் கீழ வருது. அவரு அப்ரூவ் பண்ணணும்."

"அவரு செத்து எத்தனை காலமாச்சு!"

"அதான் தம்பி கொஞ்சம் லேட்டாகுது."

"அவரு எப்படி பாய் அப்ரூவ் பண்ணுவாரு?"

"நேரா போய் நில்லுங்க. மரியாதையாக் கேளுங்க. தலையை அசைச்சார்னா சங்கீதா மேடம் பதிஞ்சுக்குவாங்க. யல்லா, போங்க."

கார்மேகம் நின்றான். மூன்றாம் கவர்னர் தலையசைக்கவில்லை. மறுநாளும் நின்றான். கவர்னர் எங்கோ ஆப்பிரிக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கார்மேகத்துக்குத் தொழில் கைகொடுத்தது. ஏணி போட்டு ஏறி, ஏசித் தகட்டைத் திருப்பி, முழுக் காற்றும் படத்தின் மேல் அடிக்கும்படி வைத்துவிட்டு, "மேடம், ஓடியாங்க! தலையை ஆட்டுறாரு!" என்று கத்தினான்.

சங்கீதா வந்து பார்த்தார். படம் உண்மையாகவே ஆடியது.

"லெஃப்ட் ரைட்டா ஆடுது கார்மேகம். மாட்டேன்னு சொல்றார்."

"நம்ம ஊர்ல அப்படி ஆட்டுனா சரின்னு அர்த்தம் மேடம்!"

"அவர் நம்ம ஊரா? ஸ்பெயின்காரர். ரிஜெக்டட்."

நிராகரிக்கப்பட்டவன் கவர்னரையே முறைத்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் சட்டத்துக்குக் கீழே இருந்த பித்தளைத் தகடு கண்ணில் பட்டது. அதில் இரண்டு வருஷ எண்கள் பொறித்திருந்தன. பக்கத்துப் படத்திலும் அப்படியே. அடுத்ததிலும்.

"பாய், இது என்ன வருஷம்?"

"முன்னது வந்தது, பின்னது போனது."

"இவரு வந்த மறு வருஷமே போயிட்டாரா?"

"ஆமா."

"இவரு வந்த வருஷமே போயிருக்காரு!"

"வெயிலு, காய்ச்சலு, ஊர் நெனப்பு. தாங்கியிருக்காது தம்பி. கப்பல் ஏறியிருப்பாங்க."

"லீவை யாருகிட்ட கேட்டாங்க?"

கலீல் பாய் தாடியைத் தடவினார். "கவர்னரு எதுக்குப்பா கேக்கணும்?"

கார்மேகம் ஏழு தகடுகளையும் ஒருமுறை படித்துப் பார்த்தான். பிறகு மீசையை முறுக்கிக்கொண்டான்.

அந்த வியாழக்கிழமை மரபு தினம். ரவிசங்கர் தொப்பியோடு மேடையேறினார். "நண்பர்களே! ஸ்பானிய கினி தந்த ஏழு பேரோடு நம்ம வரலாறு நின்னுடக் கூடாது. நம்ம காலனிக்குன்னு எட்டாவது கவர்னரை நியமிக்கப் போறேன். சம்பளம் அதேதான். பொறுப்பு மட்டும் கூடும். யார் ரெடி?"

சம்பளம் அதேதான் என்றதும் கூட்டம் முழுதும் தரையைப் பார்த்தது. ஒரு கை மட்டும் உயர்ந்தது.

விஜயபாஸ்கர் கார்மேகத்தின் காதில் கிசுகிசுத்தான். "டேய், உனக்கு என்ன கிறுக்கா? கையை இறக்கு."

"நீ சும்மா இருடா."

அங்கேயே நியமனம் நடந்தது. பதக்கம் குத்தினார்கள். கலீல் பாய் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, மூன்றாமவருக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டார். படத்தில் கார்மேகம் விறைப்பாக, எங்கோ ஆப்பிரிக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைதட்டல் அடங்கியதும் எட்டாவது கவர்னர் மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம முன்னோர்கள் செஞ்ச எதையும் மாத்தாம செய்யிறதா முடிவு பண்ணியிருக்கேன். அவங்க வந்தாங்க, வெயிலைப் பாத்தாங்க, ஊருக்குப் போயிட்டாங்க. நானும் வந்தேன், பாத்தேன். சனிக்கிழமை கிளம்புறேன்."

ரவிசங்கரின் தொப்பி கொஞ்சம் சரிந்தது. "கார்மேகம், லீவு அப்ரூவல்..."

"ஐயம் எழும் இடங்களில் கவர்னர்களின் வழக்கமே இறுதியானது சார். நீங்க எழுதுனதுதான்."

ரவிசங்கர் ஏழு பேரையும் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை. தாம் உண்டாக்கிய வரலாற்றைத் தாமே மீறுவதா? "டிக்கெட் போடுங்க பாய்" என்றார்.

சனிக்கிழமை கார்மேகம் ஊர் போய்ச் சேர்ந்தான். போட்டோ அவனுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரை ஃபிளெக்ஸ். "மேதகு கவர்னர் கார்மேகம் – கனகா திருமணத்திற்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கிறோம்." பந்தல்காரர் இப்போது சிரிக்கவில்லை, கும்பிட்டார். மாமனார் நாலு உறவுக்காரப் பையன்களை வரிசையில் நிறுத்தி, "மாப்ள, இவங்களுக்கு ஒங்க காலனியில ஏதாச்சும் பாத்துப் போட்டு விடுங்க" என்றார்.

கார்மேகத்தின் வாயிலிருந்து, அவனே எதிர்பாராமல், "பரிசீலிக்கிறேன்" என்று வந்தது. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

தாலி கட்டி முடித்துப் பந்தியில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. விஜயபாஸ்கர்.

"டேய், கல்யாணம் முடிஞ்சுதா? நல்லா இருங்க. என் பொண்ணுக்குக் காதுகுத்துடா. லீவு கேட்டிருக்கேன்."

"நீயும் கவர்னராயிர வேண்டியதுதானே?"

"மறுநாளே மொத்தக் கேம்பும் வரிசையில நின்னுச்சு. எட்டோட வரலாறு முடிஞ்சதுன்னு சுற்றறிக்கை விட்டுட்டாங்க. டக்ட் செக்‌ஷன் இப்ப உன் போட்டோவுக்குக் கீழ வருது. என் லீவு உன்கிட்டதான் பெண்டிங்."

"அவ்வளவுதானா? இந்தா, குடுத்தேன். கிளம்பி வா!"

"நீ சொன்னா செல்லாதாம். போட்டோ தலையசைக்கணுமாம்."

"ஏசியைத் திருப்பி வைக்க வேண்டியதுதானேடா, மக்கு!"

"வச்சேன். நீ இடமும் வலமுமா நல்லா ஆடுன."

"அப்புறம் என்ன? நான் சிவகங்கைக்காரன்! அப்படி ஆட்டுனா சரின்னுதான் அர்த்தம்!"

"அதைத்தான்டா நானும் தொண்டை கிழியச் சொன்னேன்" என்றான் விஜயபாஸ்கர். "கவர்னரான அன்னைக்கே நீ ஸ்பெயின்காரன் ஆயிட்டியாம்."